ஏழாம் பந்தியும் பத்தாம் திகதிச் சம்பளமும்

1. முதல் நாள் பாடம்

பதுளையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் முப்பத்தொரு வருடம் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். அவர் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசும் கூட. காணி உறுதி, கடைக் குத்தகை, வீட்டு வாடகை ஒப்பந்தம், கடன் கடிதம் என்று ஊரில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நம்பாத இடமெல்லாம் எங்களுக்குப் பிழைப்பு இருந்தது. நம்பாதவர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து டைப்பிங் சர்ட்டிபிக்கட்டோடு வந்து இறங்கிய முதல் நாளே சட்டத்தரணி ஐயா, எங்கள் 'சேர்', எனக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்து முடித்துவிட்டார். மொத்தம் ஐந்து நிமிடம் எடுத்தது. மஞ்சளாகிப்போன ஒரு பழைய ஒப்பந்தத்தை என் முன்னால் போட்டார்.

"இஞ்ச பாரும் பிள்ளை. வாடகை ஒப்பந்தம் எண்டு ஆரும் வந்தால் இதை எடும். பேரை மாத்தும், விலாசத்தை மாத்தும், காசை மாத்தும். மிச்சத்தில கை வையாதையும்."

"மிச்சத்தை வாசிச்சுப் பார்க்கவா சேர்?" என்று கேட்டேன்.

"வாசிக்கிறதுக்கோ உமக்குச் சம்பளம்? டைப் பண்ணும்."

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் அவருக்கு நன்றாக வரும், பொறுமை வராது. நான் வாசிக்காமல் அடித்தேன். ஆனாலும் ஒரு காகிதத்தை நூறு தரம் அடித்தால் வேண்டாமென்றாலும் மனப்பாடமாகிவிடுகிறது. அதில் ஏழாவது பந்தி இப்படி இருக்கும்: "மேற்படி வாடகைப் பணம் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதிக்கு முன்னர் செலுத்தப்படாதவிடத்து, தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூபாய் இத்தனை வீதம் தாமதக் கட்டணம் செலுத்துவதற்குக் குடியிருப்பாளர் இத்தால் சம்மதிக்கின்றார்."

'செலுத்தப்படாதவிடத்து' என்ற சொல்லைப் பார்த்ததும் தோட்டத்திலிருந்து வரும் எங்கள் ஆட்கள் பேனையை எடுத்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய சொல்லில் எழுதியிருந்தால் அது நியாயமாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரொம்ப நன்றிங்க மிஸ்" என்று என்னைக் கும்பிட்டுவிட்டும் போவார்கள்.

அந்த மஞ்சள் காகிதம் எங்கிருந்து வந்தது என்று பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். பழைய கோப்பு ஒன்றில் அதன் மூலப் பிரதி இருந்தது. பஸாரில் ஒரு அரிசி மொத்தக் கடைக்கு எழுதிய குத்தகை. நாளாந்தம் கல்லாவில் காசு விழுகிற கடைக்காரனுக்கு, நாளுக்கு நாள் பைன் என்று எழுதியது சரிதான். அந்த அரிசிக் கடைப் பந்தியைத்தான் நாங்கள் ஊரிலுள்ள அறை, அனெக்ஸ், பின்பக்கச் சாய்ப்பு எல்லாவற்றுக்கும் மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். சேரிடம் சொன்னேன். "ஒருத்தரும் கொம்ப்ளெய்ன்ட் பண்ணேல்லை, பிறகென்ன?" என்றார். எனக்கும் அது போதுமான பதிலாகத்தான் தெரிந்தது. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, ஏழாம் பந்தியை ஒரு எழுத்துப் பிசகாமல் நானே அதில் ஏற்றினேன்.

2. மூன்று தரம் செத்த மாமா

வாடகைத் தகராறு என்றால் வீட்டுக்காரர் ராட்சசன், குடியிருப்பவர் அப்பாவி என்று இளையவர்கள் நினைத்துவிட வேண்டாம். எங்கள் கந்தோர் பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் தெளிந்துவிடும்.

ஹல்துமுல்லைப் பக்கத்து ஆள் ஒருவர் பதுளையில் வாடகைக்கு இருந்தார். வாடகை பிந்தும்போதெல்லாம் அவருடைய மாமா செத்துவிடுவார். மூன்றாம் தரம் செத்தபோது வீட்டுக்காரி, "எத்தன மாமாங்க ஒங்களுக்கு?" என்று கேட்டாள். "ஒருத்தர் தாங்க, ஆனா அவருக்குச் சாவு சரியா அமையல" என்றார் இவர். அவர்களைச் சமாதானம் செய்து அனுப்புவதற்குள் நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. கூரை ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னால், "ஒழுகுனா நல்லதுதானே, தண்ணி பில்லு கொறையும்" என்பார்கள். இப்படிப்பட்ட ஆட்களுக்கெல்லாம் அண்ணனாக இருந்தவர் துரைராஜ் முதலாளி.

3. துரைராஜ் முதலாளியின் கலண்டர்

துரைராஜ் முதலாளிக்கு பஸாரில் மரக்கறி மொத்தக் கடை. ஊருக்கு மேலே மேட்டில் ஒரே வரிசையாக ஆறு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். நீளமாக ஒரு தகரக் கூரை, அறைக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல், முன்னால் ஒடுங்கிய வாசல், பின்னால் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு கக்கூசு. லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில், இதே போல வரிசையாக நிற்கும் லயத்து அறையில் பிறந்து வளர்ந்தவர் அவர். லயத்தைவிட்டு ஓடிவந்து, சம்பாதித்து, அதே லயத்தை ஊருக்குள் கட்டி, அதற்கு அனெக்ஸ் என்று பெயர் வைத்திருந்தார். அனெக்ஸ் என்றால் வாடகை கூட.

மனுசனுக்கு நாள் பார்ப்பதில் அபார நம்பிக்கை. அவருடைய கடைக் கலண்டரில் ராகு காலம் சிவப்புப் பேனையாலும், அட்டமி நவமி நீலப் பேனையாலும் வட்டம் போட்டிருக்கும். கெட்ட நேரத்தில் கைக்கு வந்த காசு கையில் நிற்காது என்பது அவர் கட்சி. அதனால் அந்த நேரங்களில் யார் வாடகை கொண்டுவந்தாலும் வாங்கமாட்டார். "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பிய நாளுக்கும் சேர்த்துப் பைன் போடுவார். ராகு காலத்துக்கு ஒரு கணக்கு, பைனுக்கு இன்னொரு கணக்கு. இரண்டும் அவர் பக்கம்தான் சாயும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் மார்கழி பிறந்து சில நாட்களில் ஒரு திங்கட்கிழமை கந்தோருக்கு வந்தார். மூன்றாம் அறைக்காரியை எழுப்பிக் காலி செய்ய வைக்க வேண்டும், நோட்டீஸ் எழுதித் தாருங்கள் என்றார்.

"யாரு முதலாளி?" என்று கேட்டேன்.

"செல்வராணி. கோழி அடைகாத்த மாதிரி ரூமுக்குள்ளயே இருக்கும். புருசன் லுணுகலைக்கு அங்கிட்டுத் தோட்டத்துல பெக்டரியில வேல. மக இங்க டவுன் பள்ளிக்கூடத்துல சயன்ஸ் படிக்குது. எனக்கு வர வேண்டிய காசு நாப்பத்தெட்டாயிரம்!"

"நாலு மாச வாடகையா?"

"வாடகை பாக்கி ஒண்ணும் இல்லங்க. இது பைன்."

பிறகு கலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ரசிக்க வேண்டிய கணக்கு, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வாடகை பன்னிரண்டாயிரம். ஐந்தாம் திகதிக்குப் பிறகு நாளுக்கு இருநூறு பைன். செல்வராணி பதினோராம் திகதி வந்து பன்னிரண்டாயிரம் கொடுக்கிறாள். முதலாளி அதில் முதலில் ஆறு நாள் பைன் ஆயிரத்து இருநூறை எடுத்துக்கொள்கிறார். மிச்சத்தைத்தான் வாடகையில் வைக்கிறார். ஆக வாடகையில் ஆயிரத்து இருநூறு குறைகிறது. குறைந்ததால் வாடகை 'செலுத்தப்படவில்லை'. செலுத்தப்படாததால் மறு நாளும் பைன், அதற்கு மறு நாளும் பைன். அடுத்த மாதம் அவள் மறுபடி பன்னிரண்டாயிரம் கொண்டுவந்தால் அதிலும் முதலில் பைன்தான் கழியும். இப்படியே எட்டு மாதம், இருநூற்று நாற்பது நாள். மாதம் தவறாமல் முழு வாடகை கொடுத்தவள் ஒரு நாள்கூட வாடகை கொடுத்து முடிக்கவில்லை என்று ஆகிவிட்டது. அட்வான்ஸாகக் கட்டிய முப்பத்தாறாயிரமும் பைனில் கரைந்து, இன்னும் பன்னிரண்டாயிரம் பாக்கி.

எனக்கு வாய் நிற்கவில்லை. "முதலாளி, நீங்க மரக்கறிக் கடையில இருக்க வேண்டிய ஆள் இல்ல, பேங்க்குல இருக்க வேண்டியவர்" என்றேன்.

அவருக்கு அது பாராட்டாகவே கேட்டது. "என்னா செய்றது மிஸ், ஒப்பந்தத்துல இருக்கே" என்று ஏழாம் பந்தியில் விரலை வைத்தார். கீழே ஓரத்தில், டைப் பண்ணியவர் என்று என் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் இருந்தன.

நோட்டீஸை நான்தான் அடித்தேன். மாதக் கடைசிக்குள் பாக்கியைக் கட்டிவிட்டு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதினோம்.

4. வெள்ளிக்கிழமை விளக்கு

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு செல்வராணி நோட்டீஸையும் ஒரு அப்பியாசக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தாள். முதலாளியையும் சேர் வரச் சொல்லியிருந்தார். ஒல்லியான பெண், நாற்பது வயதிருக்கும். மகளுக்கு உயர்தரப் பரீட்சை தொடங்க மூன்று வாரம்தான் இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லை, அதற்காகத்தான் புருசனை லயத்தில் விட்டுவிட்டு மகளோடு டவுனுக்கு வந்திருக்கிறாள். இந்த அறை போனால் மகள் தினமும் லுணுகலையிலிருந்து பஸ் பிடித்துப் பரீட்சை எழுத வர வேண்டும். மலையில் மண் சரிந்தால் பஸ்ஸும் இல்லை.

"ஏனம்மா, ஐந்தாம் திகதிக்கு முதல் காசைக் கட்டினால் இந்தப் பிரச்சினையே இல்லையெல்லோ?" என்று சேர் கேட்டார்.

"எப்பிடிங்க சேர் கட்டுறது? தோட்டத்துல சம்பளம் போடுறதே பத்தாந்தேதி. பதினொண்ணு காலையில மொத பஸ்ஸுல அவரு காச அனுப்புவாரு. வாங்கின கையோட நேரா முதலாளி கடைக்குத்தான் போவேன்." கொப்பியைத் திறந்தாள். மகள் எழுதிவைத்திருந்தாள். "ஆவணி மாசம் பாருங்க. பதினொண்ணு, ராகு காலம், திரும்பச் சொன்னாரு. பன்னெண்டு, அட்டமி, திரும்பச் சொன்னாரு. பதிமூணு, நவமி, திரும்பச் சொன்னாரு. பதினாலு வாங்கிக்கிட்டாரு. நாலு நாளுக்கும் பைன் எழுதிட்டாரு."

"நாள் கிழமை பார்க்கிறது தப்பா? எங்க அப்பன் காலத்துல இருந்து பார்க்கிறோம்" என்றார் முதலாளி.

"பாருங்க முதலாளி, நான் வேணாங்கல. நீங்க பார்க்கிற நாளுக்கு எனக்கு எதுக்கு பைன்?"

முதலாளி ஒப்பந்தத்தைத் தட்டிக் காட்டினார். சேர் கண்ணாடியைத் துடைத்தார். சட்டம் யார் பக்கம் என்று சொல்வதற்கு முன்னால் கட்டணம் யார் கொடுத்தார்கள் என்று யோசிப்பவர்போல இருந்தது.

அவள் நோட்டீஸை மடித்து மேசையில் வைத்தாள்.

"சரிங்க சேர். மாசக் கடைசி வரைக்கும் என்னாத்துக்கு? நான் நாளைக்கே போயிடுறேன்."

"நாளைக்கா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க முதலாளி. நாளைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வெளக்கேத்தி, கும்பிட்டுட்டு, வீட்டைக் கூட்டி, வெளக்க மலையேத்திட்டு, சாவிய ஒங்க வீட்டம்மா கையில குடுத்திட்டுப் போறேன். மகளும் நானும் பஸ் ஸ்டாண்டுலயாவது ஒக்காந்துக்குறோம்."

முதலாளியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை. அந்தி நேரம். மார்கழி மாதம். விளக்கேற்றின கையோடு, கல்யாண வயதில் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு சுமங்கலி அழுதபடி வாசலைத் தாண்டிப் போவது. வீட்டில் இருக்கிற லட்சுமி பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? போதாக்குறைக்கு மார்கழியில் யாரும் புதிதாகக் குடிவரமாட்டார்கள். தை பிறக்கும்வரை ஆறு அறை வரிசைக்கு நடுவில் ஓர் அறை இருட்டாகக் கிடக்கும். அவர் பயந்தது லட்சுமி போவதற்கா, ஒரு மாத வாடகை போவதற்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"இந்தாம்மா, வெள்ளிக்கெழம எதுக்கும்மா போற? சனிக்கெழம போ" என்றார்.

"சனிக்கெழம சனியனைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

"ஞாயித்துக்கெழம?"

"மார்கழியில எந்தக் கெழம போனா என்னாங்க? நீங்கதானே போகச் சொன்னீங்க. வெள்ளிக்கெழமதான் எனக்குத் தோது."

ஒன்று சொல்ல வேண்டும். செல்வராணியும் அதே ஊர்க்காரி, அதே கோயிலில் கும்பிடுகிறவள். மார்கழியில் வீடு மாறுவதற்கு அவளுக்கும் பயம் இருந்திருக்கும். மேசைக்குக் கீழே அவள் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஆனால் முகத்தில் எதுவும் இல்லை. பயந்த இருவரில் யார் முதலில் இறங்கி வருவார்கள் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் அவள் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது, அதை மறைக்க எழும்பி ஜன்னலைச் சாத்தினேன்.

"சரி, சரி" என்றார் முதலாளி கடைசியில். "தை வரைக்கும் இருந்துட்டுப் போ. பொண்ணு பரீட்சை எழுதட்டும்."

"பைன்?"

"அத அப்புறம் பார்ப்போம்."

"அப்ப நாளைக்கு வெளக்கேத்திட்டு வாறேன் முதலாளி."

"ஐயோ, விடும்மா! பைன் வேணாம். அட்வான்ஸும் அப்பிடியே இருக்கட்டும். எழுதிக் குடுங்க சேர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா மார்கழியில நான் புது ஒப்பந்தத்துல கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றார்.

சேர் அப்போதுதான் தன் படிப்பைப் பிரயோகித்தார். "இது புது ஒப்பந்தம் இல்லை. பழையதுக்குத் திருத்தம். திருத்தத்துக்கு மார்கழி கிடையாது."

முதலாளிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆறுதலான சூட்டோடு தையிலிருந்து வாடகையில் ஐந்நூறு கூட்டவும் மறக்கவில்லை. செல்வராணி அதற்குத் தலையாட்டினாள். நான் அடித்தேன்: வாடகை செலுத்த வேண்டிய கடைசித் திகதி ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டு. ஏழாம் பந்தி முழுவதும் நீக்கப்படுகிறது. இதுவரை விதிக்கப்பட்ட தாமதக் கட்டணம் எதுவும் அறவிடப்பட மாட்டாது.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்கும். அப்போது ஒன்று ஐந்து. "சட்டுனு கையெழுத்து வைம்மா" என்றார்.

"வாசிச்சிட்டு வைக்கிறேங்க."

அவள் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, உதடு அசைய வாசித்தாள். தன் பெயரில் ஆரம்பித்து, அடையாள அட்டை இலக்கம் வரை. முதல் பக்கம் முடிய ஒன்று இருபது. சேர் கொட்டாவி விட்டார். முதலாளி நாற்காலியில் நெளிந்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒன்றரை ஆனது. அவள் நிமிர்ந்து, "ராகு காலம் வந்திருச்சுங்க முதலாளி, மூணு மணிக்கு வைப்போமா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

துரைராஜ் முதலாளி கடையைப் பூட்டிவிட்டு வந்தவர். ஒன்றரை மணிநேரம் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். நாளுக்கு இருநூறு ரூபாய் வீதம் போட்டால் அது எவ்வளவு என்று கேட்க வேண்டும் போலிருந்தது. வேலை போய்விடும் என்பதால் கேட்கவில்லை.

மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு இருவரும் கையெழுத்து வைத்தார்கள். முதலாளி போய்விட்டார். செல்வராணி தன் பிரதியைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து நான் சிரித்த முகத்தோடு தயாராக இருந்தேன்.

"மிஸ், பழைய ஒப்பந்தமும் நீங்கதானே டைப் பண்ணீங்க?"

"ஆமா ராணி."

"அன்னிக்குக் கையெழுத்து வைக்கையில இந்த மேசைக்கு முன்னாலதான் நின்னேன். அந்த பைன் விசயத்தை ஒரு வார்த்தை வாசிச்சுச் சொல்லியிருக்கலாமே, மிஸ்."

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் மேசையிலிருந்த பழைய ஒப்பந்தத்தைக் கோப்புக்குள் செருகினேன். அவள், மகளுக்கு வகுப்பு முடிகிற நேரம் என்று போய்விட்டாள்.

5. நான் படித்தது

அந்தப் பெண் பரீட்சை எழுதினாள். தை மாதம் ஒரு நல்ல நாளாகப் பார்த்து அவர்கள் வேறு இடம் போனார்கள், நாளை முதலாளியே பார்த்துக் கொடுத்தாராம்.

எனக்குத்தான் அவள் கேட்டதை விட முடியவில்லை. முப்பது வருடமாக சேரையும், முதலாளிமாரையும், செத்த மாமாக்களையும் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். அவர்கள் எல்லாரும் வேடிக்கையான ஆட்கள், நான் மட்டும் டைப் பண்ணுகிற ஆள் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அந்தக் கந்தோரில் ஏழாம் பந்தியை முழுதாக மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சேர்கூட அதை வாசித்ததில்லை.

ஏன் எனக்கு அது உறுத்தவில்லை என்றும் கண்டுபிடித்தேன். எனக்குச் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும். நான் வாடகைக்கு இருந்த காலத்திலும் ஐந்தாம் திகதி என்றைக்கும் எனக்கு இடைஞ்சலாக இருந்ததில்லை. மடுல்சீமையில் என் அம்மா கொழுந்து பறித்த காலத்தில், பத்தாம் திகதிவரை கடன் வைத்த கடைக்காரனுக்கு முகம் கொடுக்காமல் குறுக்குப் பாதையால் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அந்தப் பாதையில் நடந்தவள்தான், ஊரிலுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஐந்தாம் திகதி என்று அடித்துக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

மிச்சமிருந்த ஒரு வருடமும் கையெழுத்து வைக்க வந்த ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சம்பளம் எத்தனையாம் திகதி என்று கேட்டுவிட்டுத்தான் வாடகைத் திகதியை அடித்தேன். சேர், "உம்மாலை ஒரு நாளைக்கு ரெண்டு வேலை குறையுது" என்று முணுமுணுத்தார். குறையட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் கையிலும் ஒரு பழைய காகிதத்தைக் கொடுத்து, பேரை மட்டும் மாற்று என்பார்கள். கையெழுத்து வைக்கிறவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது உங்களுக்கு எந்தப் பந்தி வலிக்கவில்லையோ, அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள்.